விடியலில் திக்கும் கார்

அந்தக் கார் திக்க ஆரம்பித்தது துடைப்பப் புயல் அடித்த வாரத்தில்தான்.

எகிப்தின் கடலோர ஊரான ரஷீதில் குளிர்காலப் புயல் ஒவ்வொன்றுக்கும் ஒரு பெயர் உண்டு. நவம்பர் கடைசியில் வருவது துடைப்பம். கடலிலிருந்து கிளம்பி வந்து தெருக்களைப் பெருக்கித் தள்ளிவிட்டுப் போய்விடும். அந்த வருடம் அது மகாவரியின் நிம்மதியையும் சேர்த்தே பெருக்கிக்கொண்டு போனது.

மகாவரி கார் ஓட்டிப் பிழைப்பவர். ஏழு பேர் உட்காரும் நீளமான பழைய கார். ரஷீதில் ஆள் ஏற்றி அலெக்சாந்திரியாவில் இறக்குவார். அங்கே ஏற்றி இங்கே இறக்குவார். பதினான்கு வருடமாக அவரைத் தலைகுனிய வைக்காத கார் அது. இப்போதோ காலையில் கிளம்பினாலே வம்பு. 'டப் டப் டப்' என்று ஓட வேண்டிய இன்ஜின் 'டப் டப்... ட்... டப்... ட்ட்...' என்று இழுக்கும். கார் முழுவதும் குலுங்கும். ரஷீத் ஓட்டுநர்கள் இதை 'வண்டி திக்குது' என்பார்கள்.

அந்தச் சொல்லைக் கேட்டாலே ராவியாவுக்குக் காது சூடாகிவிடும்.

ராவியா மகாவரியின் ஒரே மகள். பத்து வயது. அவளுக்கும் பேச்சு திக்கும்.

ஒரு சனிக்கிழமை காலை, அவரைக்கொட்டை மசியல் அடைத்த ரொட்டியை எடுத்துக்கொண்டு அவள் கார் நிலையத்துக்குப் போனாள். மூடுபனி. எதிரே வருகிறவர் முகம் தெரியவில்லை. ஆனால் அப்பாவின் கார் எங்கே நிற்கிறது என்று கேட்க வேண்டியிருக்கவில்லை. காதே சொன்னது.

உள்ளே ஐந்து பேர் உட்கார்ந்திருந்தார்கள். இன்ஜின் குலுங்க, அவர்களும் குலுங்கினார்கள். கோழிக்கூடையோடு இருந்த ஒரு கிழவி ஜன்னலில் தலையை நீட்டினாள். அங்கே ஓட்டுநர்களை மரியாதையாக 'உஸ்தா' என்றுதான் கூப்பிடுவார்கள்.

"உஸ்தா, இது அலெக்சாந்திரியா போய்ச் சேருமா? இல்ல நேத்து மாதிரி பாலத்துலயே படுத்துக்குமா?"

"போயிடும் தாயி. சூடு ஏறுனா சரியாயிடும்" என்றார் மகாவரி.

"எனக்குச் சூடு ஏறிடுச்சே!" என்று கிழவி கூடையோடு இறங்கிவிட்டாள். அவளைப் பார்த்து இன்னும் இரண்டு பேர் இறங்கினார்கள்.

பக்கத்து காரின் பானெட்டில் சாய்ந்து தேநீர் குடித்துக்கொண்டிருந்தான் அத்வா. அவனும் ஓட்டுநர்தான். வாய் மட்டும் அவன் காரைவிட வேகமாக ஓடும்.

"வீட்ல பொண்ணு திக்குது, ரோட்ல காரு திக்குது! உஸ்தா மகாவரி, இனி பாக்கி நீங்க ஒருத்தர்தான்!"

நிலையமே சிரித்தது. மகாவரி மகள் கையிலிருந்த ரொட்டியை வாங்கி, பாதியைப் பிய்த்து அவளிடமே கொடுத்தார்.

"சாப்டுட்டு ஸ்கூலுக்குப் போ கண்ணு."

ராவியா வாங்கிக்கொண்டாள். கடிக்காமலே பையில் போட்டுக்கொண்டாள்.

*

காருக்கு வைத்தியம் பார்க்காமல் இல்லை. மூன்று வாரத்தில் ஆறு முறை பர்ஸூமின் பட்டறைக்குப் போயாகிவிட்டது.

பர்ஸூம் ஊரிலேயே கெட்டிக்கார மெக்கானிக். பட்டறைச் சுவரில் மாதா படம் ஒன்று. அதற்குக் கீழே விசிறி பெல்ட்டுகள் மாலை மாலையாகத் தொங்கும். எந்தக் கார் வந்தாலும் அவர் முதலில் செய்வது ஒன்றுதான். துணியைப் பெட்ரோலில் நனைத்து, இன்ஜினை மேலிருந்து கீழ்வரை துடைப்பார்.

"மூஞ்சி கழுவாத நோயாளியை நான் பார்க்க மாட்டேன்" என்பார்.

துடைத்து முடித்ததும் இன்ஜினை ஓடவிட்டுக் காது கொடுப்பார். பள்ளிவிட்டு வந்த ராவியா ஒருநாள் அருகில் நின்று பார்த்தாள்.

"இங்க பாரு ராவியா. உங்கப்பா இன்ஜின் ஒரு படகு. உள்ள நாலு பேரு துடுப்புப் போடுறாங்க. நாலு பேரும் ஒழுங்காப் போட்டா படகு சும்மா வழுக்கிட்டுப் போகும். ஒருத்தன் தூங்கிட்டா குலுங்கும்."

"யா... யாரு தூங்குறான்னு எ... எப்படித் தெரியும்?"

"ஒவ்வொருத்தனாப் பிடிச்சு நிறுத்திப் பார்க்கணும்."

நான்கு பிளக்குகளுக்கும் போகிற நான்கு ஒயர்களில் ஒன்றைக் கட்டைப் பிடி போட்ட குறடால் இழுத்தார். உடனே இன்ஜின் குலுங்கியது. "இவன் வேலை செஞ்சுட்டிருந்தான். நான் நிறுத்தினதும் படகு தடுமாறுது பார்த்தியா? இழுத்தும் சத்தம் மாறலைன்னா, அவன் ஏற்கெனவே தூங்குறான்னு அர்த்தம்."

ஒன்று, இரண்டு, மூன்று, நான்கு. எதை இழுத்தாலும் குலுங்கியது. நான்கு பேரும் விழித்துக்கொண்டுதான் இருந்தார்கள்.

பர்ஸூம் தலையைச் சொறிந்தார். பிளக் மாற்றியாயிற்று. கார்பரேட்டரைக் கழற்றிக் கழுவியாயிற்று.

"உஸ்தா மகாவரி, உங்க காருக்கு என்னைக் கண்டா பயம்போல. என் முன்னாடி திக்கவே மாட்டேங்குது."

அன்று சாயங்காலம் வரை கார் திக்கவில்லை. மறுநாள் விடிந்ததும் மறுபடி திக்கியது.

*

ராவியாவின் அம்மா இன்ஸாஃப் மீனுக்கு உப்புப் போடும் கொட்டகையில் வேலை பார்த்தாள். நாள் முழுக்க உப்பில் கிடந்து அவள் விரல்கள் வெடித்துப் போயிருந்தன. காரின் நோய் அவளுக்கு முதல் வாரத்திலேயே தெரிந்துவிட்டது.

"கண்ணு பட்டிருக்கு. பதினாலு வருஷம் ஒரு கார் நோகாம ஓடுனா பார்க்குறவன் வயிறு எரியாதா?"

கொட்டகை வேலை முடிந்து, வீங்கின காலோடு ஷேக்கின் வீட்டு வாசலில் வரிசையில் நின்று, அவர் ஓதிக் கொடுத்த தண்ணீரைப் புட்டியில் வாங்கி வந்தாள். அதில் தன் பங்குக்கு ஒரு கை கல்லுப்பும் போட்டுக் குலுக்கினாள்.

"உப்பு கண்ணேறைக் கரைச்சிடும்" என்று மகளிடம் புட்டியைக் கொடுத்தாள். "அப்பா விடியல்ல பானெட்டைத் திறந்து எண்ணெய் பார்த்துட்டுத் தொழப் போவாரில்ல? அப்ப இன்ஜின் மேல ஏழு தடவை தெளிச்சுட்டு மூடிடு. அவர்கிட்டச் சொல்லாதே, சிரிப்பாரு. சொன்னா பலிக்கவும் பலிக்காது."

அன்றிலிருந்து ராவியா தினமும் தெளித்தாள். அம்மா கொட்டகைக்குக் கிளம்பியதும், குளிரில் விரல் விறைக்க விறைக்க, ஒன்று... இரண்டு... மூன்று... என்று ஏழு வரை எண்ணுவாள். தனியாக எண்ணும்போது அவளுக்குத் திக்கியதே இல்லை.

கார் திக்கத் திக்க, அம்மா உப்பை அதிகமாகப் போட்டாள்.

*

கிழவி கூடையோடு இறங்கிப்போன அன்று சாயங்காலம், சாப்பாட்டுத் தட்டைப் பார்த்துக்கொண்டே மகாவரி சொன்னார்:

"வித்துடலாம்னு முடிவு பண்ணிட்டேன். பழைய வண்டி வாங்குற ஹாஜி தஸூக்கி வியாழக்கிழமை மத்தியானம் பர்ஸூம் பட்டறைக்கு வந்து பார்க்கிறாரு. அப்புறம் நான் ஸப்ரிகூட லிபியா போறேன். கட்டட வேலை. ரெண்டு வருஷம்."

அம்மாவின் கையிலிருந்த கரண்டி பருப்புச் சட்டியிலேயே நின்றது.

ஸப்ரி சித்தப்பா லிபியா போனதை ராவியா மறக்கவில்லை. இரண்டு வருடம் கழித்துப் பெட்டி நிறையத் துணியோடு வந்தார். அவர் மகள் நூஹாவுக்கு அப்போது ஐந்து வயது. மாவுப் பானைக்குப் பின்னால் ஒளிந்துகொண்டு, "அம்மா, இந்த ஆளு எப்பப் போவாரு?" என்று சத்தமாகக் கேட்டாள். எல்லோரும் சிரித்தார்கள். சித்தப்பாவும் சிரித்தார். பிறகு முற்றத்துக்குப் போய் வெகு நேரம் முகம் கழுவினார்.

ராவியா தன் பாயில் படுத்துச் சுவரைப் பார்த்துத் திரும்பிக்கொண்டாள். அவள் ஐந்து வயதுப் பிள்ளை இல்லை. அப்பாவை மறக்க மாட்டாள். ஆனால் அவள் ஒரு வாக்கியத்தை முடிக்கும்வரை பொறுமையாக இருக்கிற ஆள் உலகத்தில் அவர் ஒருவர்தான். லிபியாவிலிருந்து தொலைபேசியில் பேசினால் நிமிடத்துக்குக் காசு. அவள் 'அப்பா' என்று சொல்லி முடிப்பதற்குள் நேரம் தீர்ந்துவிடும்.

'ஏன் இந்தக் கார் இப்படிப் பண்ணுது?' என்று நினைத்தாள்.

நினைத்ததும் அவளுக்கே எரிச்சலாக இருந்தது. அவளையும் எல்லோரும் இதைத்தான் கேட்பார்கள். 'ஏன் திக்குறே?' அவளுக்கு எப்படித் தெரியும்? போன வருடம் அலெக்சாந்திரியா டாக்டரிடம் கூட்டிப் போனார்கள். டாக்டர் காகிதத்தைப் பார்த்துக்கொண்டே கேள்வி கேட்டார். ராவியா கடகடவென்று பதில் சொன்னாள், ஒரு எழுத்துகூடத் தடுக்கவில்லை. "நல்லாத்தானே பேசுறா?" என்று அனுப்பிவிட்டார். திரும்பி வரும்போது காரில் ஒருவர் "உன் பேரென்ன பாப்பா?" என்று அவள் முகத்தையே பார்த்தார். "ரா... ரா... ரா..." என்று பாதி வழி போயிற்று.

அவள் ஆட்டுக்குட்டியிடம் பேசும்போது திக்காது. பாடும்போது திக்காது. முகத்தைப் பார்த்துக் காத்திருந்தால் திக்கும். ஏன் என்று தெரியாது. எப்போது என்று நன்றாகத் தெரியும்.

'அப்போ இந்தக் கார் எப்போ திக்குது?'

பட்டறையில் இல்லை. மத்தியானத்தில் இல்லை. சாயங்காலத்தில் இல்லை. விடியலில், காலையில் மட்டும்.

'பனிதான்' என்று முடிவு கட்டினாள் ராவியா. 'பனியில நனைஞ்சு திக்குது.'

*

ஞாயிற்றுக்கிழமை அவளுக்குக் காய்ச்சல். கண் திறந்தபோது வெயில் வந்துவிட்டது. அப்பா எப்போதோ போய்விட்டார்.

சாயங்காலம் மகாவரி விசிலடித்துக்கொண்டு வந்தார். "இன்னிக்கு ஒரு தடவைகூடத் திக்கலை! காலையிலகூட!"

அம்மா கைகளை ஏந்தி மேலே பார்த்தாள். "ஓதின தண்ணி வேலை செய்யுது" என்று மகள் காதில் சொன்னாள்.

ராவியா தலையாட்டினாள். தெளிக்கவில்லை என்று சொல்லத் தைரியம் வரவில்லை. 'இன்னிக்குக் காலையில பனி இருந்திருக்காது' என்று நினைத்துக்கொண்டாள்.

திங்கட்கிழமை, விட்டதற்கும் சேர்த்து நன்றாகவே தெளித்தாள். பனி துளிகூட இல்லை. வானம் கழுவி வைத்ததுபோல் இருந்தது. கார் தெருமுனை தாண்டுவதற்குள் திக்கியது. அன்று சாயங்காலம் மகாவரி விசிலடிக்கவில்லை. ஒருநாள் நம்பிக்கை வந்து போனது அவர் முதுகை இன்னும் கூனாக்கிவிட்டது.

செவ்வாய்க்கிழமை புட்டி காலி. அம்மா சாயங்காலம்தான் புதுத் தண்ணீர் வாங்கி வருவாள். வெளியே கையை நீட்டினால் கை தெரியாத பனி. ராவியா வெறுமனே பானெட்டை மூடிவிட்டு வந்தாள். அப்பா இன்ஜினைக் கிளப்பினார்.

டப் டப் டப் டப்.

அந்தச் சத்தம் தெருமுனை வரை போய், பாலம் வரை போய், பனிக்குள் கரையும் வரை ஒருமுறைகூடத் தடுக்கவில்லை.

ராவியா வாசலில் அப்படியே நின்றாள். காலி புட்டி அவள் கையில் இருந்தது. புட்டியின் கழுத்தில் வெள்ளையாக உப்பு பூத்திருந்தது.

'நான் தெளிச்ச நாள்ல திக்குது. தெளிக்காத நாள்ல திக்கலை.'

மூன்று வாரம். தினமும் ஏழு தடவை. அப்பாவை லிபியாவுக்குத் தள்ளிக்கொண்டிருந்தது அவள் கைதான்.

புதன்கிழமை புட்டி நிறையத் தண்ணீர் இருந்தது. வேண்டுமென்றே தெளிக்கவில்லை. கார் நாள் முழுக்க வெண்ணெயாக ஓடியது.

"விக்கப் போறது தெரிஞ்சுபோச்சு போல" என்று மகாவரி சாயங்காலம் கசப்பாகச் சிரித்தார். "கடைசி நாள்ல நல்ல பேரு வாங்கப் பாக்குது."

"அ... அப்பா, கா... கா..."

வழக்கமாகக் காத்திருக்கிறவர் அன்று காத்திருக்கவில்லை. பாஸ்போர்ட்டுக்கு எடுத்த படங்களைப் பார்த்துக்கொண்டிருந்தார். "காரைப் பத்தியா? அதைப் பேசிப் பேசி வாய் வலிச்சுப்போச்சு கண்ணு. நாளைக்கு மத்தியானத்தோட அதுக்கும் நமக்கும் ஒண்ணுமில்ல."

மூலையில் அம்மா வெடித்த விரல்களுக்கு எண்ணெய் தடவிக்கொண்டிருந்தாள். இப்போது சொன்னால் அவள் முகம் எப்படி ஆகும்? வரிசையில் நின்ற கால், உப்பள்ளிப் போட்ட கை, எல்லாமே குற்றவாளி ஆகிவிடும். ராவியாவின் வாயில் வார்த்தை பாதி தானாக நின்றது. மீதிப் பாதியை அவளே விழுங்கிக்கொண்டாள்.

*

வியாழக்கிழமை மத்தியானம் பள்ளி விட்டதும் ராவியா பட்டறைக்கு ஓடினாள். பையில் புத்தகங்களோடு அந்தப் புட்டியும் இருந்தது. ஏன் எடுத்து வந்தாள் என்று கேட்டிருந்தால் அவளுக்குச் சொல்லத் தெரிந்திருக்காது. வீட்டில் விட்டுவர மனம் வரவில்லை, அவ்வளவுதான்.

கார் பானெட் திறந்து ஓடிக்கொண்டிருந்தது. பர்ஸூம் அப்போதுதான் துடைத்து முடித்திருந்தார். ஹாஜி தஸூக்கி பெரிய தொப்பையின் மேல் கை கட்டி நின்றார்.

"நல்லாத்தானே ஓடுது? திக்குதுன்னு நிலையத்துல சொன்னாங்களே?"

"காலையில திக்கும் ஹாஜி" என்றார் மகாவரி. "நான் மறைக்க விரும்பலை."

"நான் கேக்குறப்ப திக்கலையே, அது போதும்! சரி, விலை பேசியாச்சு. வாங்க, கையைக் கொடுங்க. ஃபாத்திஹா ஓதிடுவோம்."

வாங்குகிறவரும் விற்கிறவரும் கைகோத்து, குர்ஆனின் முதல் அத்தியாயமான ஃபாத்திஹாவை ஓதிவிட்டால் அதோடு முடிந்தது. அதற்குப் பிறகு யாரும் பேச்சு மாற மாட்டார்கள். ரஷீதில் காகிதமெல்லாம் அதற்குப் பிறகுதான்.

"அ... அப்பா!"

மூன்று பேரும் திரும்பி அவள் முகத்தைப் பார்த்தார்கள். பார்த்துக் காத்திருந்தார்கள்.

"த... த... த..."

தண்ணீர் என்று சொல்ல வேண்டும். நாக்கு மேலண்ணத்தில் ஒட்டிக்கொண்டது.

"அப்புறமாச் சொல்லு பாப்பா. பெரியவங்க பேசிட்டிருக்கோம்ல" என்றார் ஹாஜி. மகாவரியின் கை நீண்டது. ஹாஜியின் கையும் நீண்டது.

ராவியா புட்டியை எடுத்தாள். மூடியைத் திருகினாள். ஓடுகிற இன்ஜின் மேல் ஒன்று, இரண்டு, மூன்று என்று தெளித்தாள். ஏழு வரை போக வேண்டியிருக்கவில்லை. நான்காவதிலேயே—

டப் டப்... ட்... டப்... ட்ட்... ட்...

காரே உதறியது. பானெட் கம்பி கடகடவென்று ஆடியது.

ஹாஜி கையைப் படக்கென்று இழுத்துக்கொண்டார். "என்ன இது? பொண்ணை விட்டுச் சூனியம் வைக்கிறீங்களா? இந்த வண்டி எனக்கு வேண்டாம்பா!" என்று விறுவிறுவென வெளியே நடந்தார். கிடந்த ஸ்பேனர் ஒன்று காலில் தட்ட, அதையும் திட்டிவிட்டுப் போனார்.

"ராவியா!" மகாவரி குரல் உயர்த்தி அவள் கேட்டதே இல்லை. "என்ன காரியம் பண்ணிட்டே? நாளைக்கு நான் எதை விப்பேன்?"

அவள் அழுதுவிடக் கூடாது என்று உதட்டைக் கடித்தாள்.

"பொறுங்க உஸ்தா." பர்ஸூம் கையை உயர்த்தினார். "முதல் தடவையா என் முன்னாடி திக்குது. விட்டுடுவேனா?"

கட்டைப் பிடிக் குறடை எடுத்தார். முதல் ஒயரை இழுத்தார். இன்ஜின் இன்னும் தடுமாறியது. இரண்டாவது, தடுமாறியது. மூன்றாவதை இழுத்தார்.

சத்தம் மாறவில்லை.

"இதோ தூங்குறான் படுபாவி!"

இன்ஜினை நிறுத்திவிட்டு, நான்கு பிளக்குகளுக்கும் மின்சாரத்தைப் பங்குபோட்டுக் கொடுக்கிற கறுப்பு மூடியைக் கழற்றினார். அதன் மேல் நின்ற துளியை விரலால் தொட்டு நாக்கில் வைத்தார். முகம் கோணலாகிவிட்டது.

"உப்பு! இது என்ன தண்ணி, கடலா?"

"ஓ... ஓதின தண்ணி" என்றாள் ராவியா. "தி... தினமும் விடியல்ல தெளிப்பேன். தெ... தெளிக்காத நாள்ல... திக்கலை."

பர்ஸூம் மூடியை வெளிச்சத்தில் சாய்த்துப் பிடித்தார். மூன்றாவது ஒயரின் அடியில் முடிபோல ஒரு விரிசல். அதற்குள் வெள்ளைக் கோடு, எறும்பு ஊர்ந்த தடம் மாதிரி.

"புயல்லயே விரிசல் விட்டிருக்கும். முதல்ல அந்த மழை ஈரத்துல திக்கியிருக்கு, அப்புறம் இந்தத் தண்ணியில. மின்சாரத்துக்கு உப்புத் தண்ணின்னா ராஜபாட்டை. பிளக்குக்குப் போகாம இந்த வழியா வெளிய ஓடியிருக்கு." அவர் நெற்றியில் அடித்துக்கொண்டார். "நான் ஒரு கழுதை! வந்ததும் வராததுமா பெட்ரோல் போட்டு உப்பைத் துடைச்சுடுவேன். துடைச்சுட்டு, நோய் எங்கேன்னு தேடுவேன்! உஸ்தா, எங்க கோயில்லயும் புனிதத் தண்ணி கொடுப்பாங்க. குடிப்போம், தலையில தெளிச்சுக்குவோம். இன்ஜினுக்கு யாரும் கொடுத்ததில்ல!"

மகாவரி மகளையே பார்த்தார். "யாரு கொடுத்த தண்ணி?"

ராவியா புட்டியை முதுகுக்குப் பின்னால் வைத்துக்கொண்டாள். "நா... நான்தான் தெளிச்சேன்."

"அதைக் கேக்கலை."

"நான்தான் தெளிச்சேன்" என்றாள் மறுபடியும். இந்த முறை திக்கவில்லை.

மகாவரி அந்தக் கறுப்பு மூடியை வாங்கி, விரலால் தொட்டு, தானும் நக்கிப் பார்த்தார். அவர் மீசை மெல்ல அசைந்தது.

"இவ்வளவு உப்புப் போடுற ஆள் எங்க வீட்ல ஒருத்திதான்."

*

சிரிப்பு பட்டறையோடு முடிந்துபோனது. விஷயம் தெரிந்ததும் அம்மா தரையில் உட்கார்ந்துவிட்டாள்.

"என் கையாலயே உங்களை லிபியாவுக்கு அனுப்பப் பார்த்திருக்கேனே, ராவியாப்பா! ஊரே சிரிச்சுதே! என்னாலயா?"

மகாவரி "விடு, விடு" என்றார். அம்மா முக்காட்டால் முகத்தை மூடிக்கொண்டாள்.

ராவியா அவள் பக்கத்தில் உட்கார்ந்தாள்.

"அ... அம்மா. வி... விரிசல் புயல்லயே வந்துடுச்சு. பர்ஸூம் மாமா சொ... சொன்னாரு. நா... நாம தெளிக்கலைன்னா அ... அது யாருக்கும் தெரிஞ்சே இருக்காது. எ... என்னிக்காவது பெரிய மழையில, ஏ... ஏழு பேரை வெச்சுக்கிட்டு, பா... பாலத்து நடுவுல நின்னிருக்கும். உ... உன் உப்புதான் அது எங்கேன்னு கா... காட்டிக்கொடுத்துச்சு."

சொல்லி முடிக்க நேரம் பிடித்தது. யாரும் அவசரப்படுத்தவில்லை. அம்மா முக்காட்டை விலக்கி, மகளின் குளிர்ந்த விரல்களைத் தன் வெடித்த கைகளுக்குள் எடுத்து வைத்துக்கொண்டாள். வெகு நேரம் விடவில்லை.

மறுநாள் பர்ஸூம் புது மூடி போட்டார். ஆனால் நிலையத்துக்கு அது தெரியாதே! நான்கு நாள் மகாவரியின் கார் நிரம்பவே இல்லை. மூன்று பேர், நான்கு பேர் என்று உட்கார்ந்து, 'இது அந்தத் திக்குற வண்டிதானே?' என்று இறங்கிவிடுவார்கள். வீட்டு ஆணியில் பாஸ்போர்ட் பை தொங்கியபடியே இருந்தது. ராவியா அதைப் பார்க்காமல் சாப்பிடப் பழகிக்கொண்டாள்.

ஐந்தாம் நாள் 'சின்ன வெள்ளம்' என்ற புயல் வந்தது. பெயர்தான் சின்னது. காலையிலேயே தெருவில் முழங்கால் அளவு தண்ணீர். நிலையத்தில் ஒவ்வொரு காராக இருமி, திணறி, நின்றுபோனது. அத்வாவின் கார் கிளம்பவே இல்லை. அவன் பானெட்டுக்குள் தலையை விட்டுக்கொண்டு, அன்று எந்த நகைச்சுவையும் சொல்லாமல் நனைந்துகொண்டிருந்தான்.

அந்தக் கொட்டுகிற மழையில் ஒரே ஒரு இன்ஜின் மட்டும் டப் டப் டப் டப் என்றது.

ஏழு பேர் ஏறினார்கள். எட்டாவதாக ஏற வந்த கோழிக்கூடைக் கிழவி, "எனக்கு மடியில உட்காரவும் சம்மதம் உஸ்தா!" என்று கெஞ்சினாள். அன்று மகாவரி அலெக்சாந்திரியாவுக்கு மூன்று முறை போய் வந்தார். கடைசி நடையில் அத்வாவே பயணியாக உட்கார்ந்து வந்தானாம். வழி முழுக்க வாய் திறக்கவில்லையாம்.

சாயங்காலம் சொட்டச் சொட்ட வீட்டுக்கு வந்தவர், சட்டை மாற்றினார். ஆணியிலிருந்த பாஸ்போர்ட் பையை எடுத்து, அதே ஆணியில் நனைந்த சட்டையை மாட்டினார். பையைப் பெட்டிக்கு அடியில் தள்ளிவிட்டு, பருப்புக் கஞ்சிக்கு முன்னால் உட்கார்ந்தார். ரொட்டியைப் பிய்த்தார். வாய்க்குக் கொண்டு போவதற்குள், கையில் ரொட்டியோடு அப்படியே சுவரில் சாய்ந்து தூங்கிப்போனார்.

அம்மா அவர் மேல் போர்வையைப் போர்த்தினாள். வெளியே மழை விடவில்லை. ராவியா அப்பாவின் குறட்டையைக் கேட்டுக்கொண்டே கஞ்சி குடித்தாள். அது நன்றாக ஓடி, நடுவில் திக்கி, நின்று, மறுபடி குலுங்கிக் கிளம்பியது.

அதைச் சரிசெய்ய வேண்டும் என்று அந்த வீட்டில் யாருக்கும் தோன்றவில்லை.